காதலை இழந்தவனின் குரல்: கோதிக் இரங்கற் கவிதையை வாசிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இருளும் மரணமும் அச்சமும் சூழ்ந்த கோதிக் வகைக் கவிதையில் காதலியை இழந்தவன் பேசும்போது, அவன் எதைச் சொல்கிறான் என்பதோடு, எந்த வரிசையில் சொல்கிறான், யாரைப் பார்த்துச் சொல்கிறான், எந்தச் சொல்லை மீண்டும் மீண்டும் பிடித்துக்கொள்கிறான் என்பதையும் சேர்த்துக் கவனித்தால்தான் அவனுடைய துயரம் பிடிபடும். புதிதாக வாசிக்க வருபவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையைப் பார்ப்பதற்கு முன்பே "கவிதையில் வரும் பறவை எதன் குறியீடு?" என்று கேட்டுவிடுகிறார்கள். மரணம், விதி, மனச்சாட்சி என ஏதோ ஒரு விடை கிடைத்ததும் கவிதை முடிந்துவிட்டதாக எண்ணி மூடிவைத்துவிடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் 'தி ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. லெனோர் என்ற காதலியை இழந்தவன் ஒரு டிசம்பர் இரவில் தன் அறையில் இருக்கும்போது ஓர் அண்டங்காக்கை உள்ளே வந்து, ஒரே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப விடையாகத் தருவதே அதன் கதை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவருடைய 'அன்னபெல் லீ', 'யூலலூம்' ஆகியவையும் ஆங்கிலக் கவிஞர் எமிலி பிராண்டியின் 'ரிமெம்பரன்ஸ்' கவிதையும் பின்னால் வருகின்றன. கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் எடுக்கும் குறிப்பு அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கவிதையின் முழு வடிவம் வேண்டும். 'தி ரேவன்' 18 பத்திகள் கொண்டது. பத்திக்கு 6 வரிகள் வீதம் 108 வரிகள். உங்கள் பிரதியில் இந்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். சுருக்கப்பட்ட பிரதியைக் கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, ஏனெனில் நாம் பார்க்கப்போவது ஒரே சொல் பத்திக்குப் பத்தி எப்படி நகர்கிறது என்பதைத்தான்.

பத்திகளுக்கு ஓரத்தில் பென்சிலால் 1 முதல் 18 வரை எண் இடுங்கள். பின்னால் வரும் எல்லாக் குறிப்புகளும் இந்த எண்களை வைத்தே நடக்கும்.

அடுத்து, கவிதையில் வரும் சில பெயர்களின் பொருளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பல்லாஸ்' என்பது கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமான ஏதீனாவின் பெயர். 'புளூட்டோனியன்' என்பது பாதாள உலகின் அதிபதியான புளூட்டோவைச் சுட்டுகிறது. 'நெபென்தி' என்பது ஹோமரின் 'ஒடிசி'யில் துயரத்தை மறக்கச் செய்யும் மருந்து. 'கிலியட்டின் தைலம்' விவிலியத்தின் எரேமியா நூலில், 8ஆம் அதிகாரத்தில், ஆறாத காயத்தைப் பற்றிய கேள்வியாக வருகிறது. 'ஏய்டன்' என்பது சொர்க்கத்தைக் குறிக்க ஏதேன் என்ற பெயருக்குப் போ தந்திருக்கும் வடிவம். கடைசி மூன்றும் 14 முதல் 16 வரையிலான பத்திகளில், கவிதை மிக வேகமாக ஓடும் இடத்தில் வருகின்றன. அங்கே அகராதியைத் திறக்க நின்றால் அந்த வேகத்தை இழந்துவிடுவீர்கள்.

கையில் இருக்கக் கூடாதவையும் உண்டு. கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பு, திறனாய்வுக் கட்டுரை, நடிகர்கள் வாசித்த ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நல்ல நடிகர் எங்கே குரல் நடுங்க வேண்டும் என்பதை உங்களுக்காக முன்பே தீர்மானித்துவிடுகிறார். அதைக் கேட்ட பிறகு உங்கள் காது வேறொன்றைக் கேட்க மறுக்கும். கூடவே, காக்கைக்கு நம் வீடுகளில் முன்னோர்களோடு உள்ள தொடர்பையும் இந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். இங்கே வரும் அண்டங்காக்கை லெனோரின் உருவம் என்றோ அவள் அனுப்பிய தூது என்றோ கவிதையில் எங்கும் உறுதிப்படுத்தப்படவில்லை. தமிழ் வாசகர்கள் மிக எளிதாக வழுக்கும் இடம் இது.

2. பொருள் தேடாமல் ஒருமுறை உரக்க வாசியுங்கள்

முதல் வாசிப்பு காதுக்கானது. புரியாத சொல்லுக்கு நிற்காமல் 18 பத்திகளையும் ஒரே மூச்சில் வாசித்து முடியுங்கள். பயமுறுத்தும் குரல் வேண்டாம். நண்பரிடம் நேற்றிரவு நடந்ததைச் சொல்லும் குரலே போதும். தொடக்கத்திலேயே நடுங்கினால், 15ஆம் பத்தியில் பேசுபவன் உண்மையாகவே கத்தும்போது உங்களிடம் குரல் மிச்சமிருக்காது.

வரிகளின் நீளத்தைக் கவனியுங்கள். அழுத்தமான அசையும் அழுத்தமற்ற அசையும் மாறி மாறி வரும் இந்தக் கவிதையில், ஒரு பத்தியின் முதல் ஐந்து வரிகள் 16, 15, 16, 15, 15 என்ற அசைக் கணக்கில் நீண்டு செல்கின்றன. ஆறாவது வரி 7 அசைகளில் நின்றுவிடுகிறது. நீண்ட ஐந்து வரிகள் ஏதோ ஒரு நம்பிக்கையையோ விளக்கத்தையோ கட்டியெழுப்ப, குறுகிய ஆறாவது வரி அதை அறுத்துப்போடுகிறது. 18 முறையும் இதுவே நடக்கிறது. துயரத்தில் இருப்பவன் ஒவ்வொரு முறையும் எழுந்து நடந்து அதே சுவரில் போய் முட்டிக்கொள்ளும் இந்த அனுபவத்தைக் காதால் உணராமல் கவிதையின் கருத்தை மட்டும் எழுதினால் அந்தக் கருத்து வெறுமையாகத்தான் இருக்கும்.

பிறகு இயைபுக்கு வாருங்கள். ஒவ்வொரு பத்தியிலும் 2, 4, 5, 6ஆம் வரிகள் ஒரே ஒலியில் முடிகின்றன. அந்த ஒலி பத்திக்குப் பத்தி மாறுவதே இல்லை: டோர், மோர், ஃப்ளோர், லெனோர் என எல்லாமே 'ஓர்' என்ற ஒலியில் போய் விழுகின்றன. இறந்த பெண்ணின் பெயரும், பறவை பின்னால் சொல்லப்போகும் 'நெவர்மோர்' என்ற சொல்லும் ஒரே இயைபைப் பகிர்ந்துகொள்கின்றன. "இனி ஒருபோதும் இல்லை" என்ற தீர்ப்பு, பறவை வருவதற்கு வெகு முன்பாகவே, 2ஆம் பத்தியில் அவன் அவளுடைய பெயரைச் சொல்லும்போதே ஒலியாக உள்ளே வந்துவிட்டது. என் வாசிப்பில் இந்தக் கவிதையின் மிகக் கொடூரமான அம்சம் இதுதான். அவளை நினைக்க வேண்டுமானால் அவளுடைய பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் அதன் விடையும் கூடவே ஒலிக்கிறது.

இந்தப் படியில் வழக்கமாக நேரும் பிழை, வரிகளைத் தாலாட்டைப்போல ஒரே சீராக ஆட்டிச் செல்வது. வரியின் நடுவிலும் இயைபு இருப்பதால் வாய் தானாக அந்தத் தாளத்தில் விழும். அப்படி விழுவது தெரிந்தால் ஆறாவது வரிக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள்.

3. பேசுபவனைக் கவிஞனிடமிருந்து பிரியுங்கள்

குறிப்பேட்டில் "போ சொல்கிறார்" என்று எழுதாதீர்கள். "பேசுபவன் சொல்கிறான்" என்று எழுதுங்கள். சிறிய மாற்றம்தான் என்றாலும், பேசுபவன் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறானா என்று கேட்கும் உரிமை இதிலிருந்துதான் கிடைக்கிறது. கவிஞனின் உண்மைக் கண்ணீர் என்று நம்பிவிட்டால் அவனை யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

மனைவி வர்ஜினியாவை இழந்த துயரத்தில் போ 'தி ரேவன்' எழுதினார் என்று பலர் உறுதியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தேதிகளைப் பாருங்கள். கவிதை 1845 ஜனவரி 29 அன்று நியூயார்க்கின் 'ஈவினிங் மிரர்' இதழில் வெளிவந்தது. வர்ஜினியா இறந்தது 1847 ஜனவரி 30. கவிதை வெளிவந்தபோது அவர் காசநோயோடு உயிருடன் இருந்தார். இழக்கப்போகும் அச்சம் கவிதைக்குள் இருக்கிறது என்று ஒருவர் வாதிடலாம். இறந்த மனைவிக்கான இரங்கல் என்று சொல்ல வழியே இல்லை.

எமிலி பிராண்டியின் 'ரிமெம்பரன்ஸ்' கவிதையிலும் இதே தவறு நிகழ்கிறது. பதினைந்து ஆண்டுகளாகக் குளிர்ந்த மண்ணுக்கடியில் கிடக்கும் காதலனிடம் ஒரு பெண் பேசும் கவிதை அது. படித்தவுடன் எமிலியின் இரகசியக் காதலன் யார் என்று தேடத் தோன்றும். அந்தக் கவிதை, அவரும் தங்கை ஆனும் கற்பனையில் உருவாக்கிய கோண்டல் என்ற நாட்டின் கதைமாந்தர்களான ரோசினா அல்கோனா, ஜூலியஸ் பிரென்சைடா ஆகியோருக்காக எழுதப்பட்டது. 1846இல் அச்சில் வந்தபோது அந்தப் பெயர்கள் நீக்கப்பட்டுவிட்டன.

4. அறையை ஒரு தாளில் வரையுங்கள்

ஓவியத் திறமை தேவையில்லை. கதவு, சன்னல், திரைச்சீலை, கணப்பு, புத்தகங்கள், விளக்கு, பல்லாஸின் மார்பளவுச் சிலை, நாற்காலி ஆகியவற்றுக்கு ஒரு கட்டம் போதும். கோதிக் கவிதையில் இடம் என்பது பின்னணி அலங்காரம் என்று நினைப்பவர்களே அதிகம். வரைந்து பார்த்தால் அது செயலின் ஒரு பகுதி என்பது தெரியும்.

தட்டும் ஒலி கேட்டுப் பேசுபவன் முதலில் கதவைத் திறக்கிறான். அங்கே இருள் மட்டுமே இருக்கிறது. பிறகு சன்னலைத் திறக்கிறான். பறவை உள்ளே வருகிறது. வந்த பறவை எங்கே உட்காருகிறது என்பதைத் தாளில் குறியுங்கள். அறைக் கதவுக்கு மேலே, அறிவுத் தெய்வத்தின் தலையில் உட்காருகிறது. அவன் வெளியேறக்கூடிய வழிக்கும் அவன் நம்பிய அறிவுக்கும் மேலாக ஒரே நேரத்தில் அது அமர்ந்துவிட்டது. புத்தகங்களில் துயரத்துக்கு ஓய்வு தேடினேன், கிடைக்கவில்லை என்று 2ஆம் பத்தியில் அவனே சொல்லியிருப்பதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள்.

5ஆம் பத்தியில் நிதானமாக நில்லுங்கள். திறந்த கதவின் முன் இருளைப் பார்த்து நிற்பவன் "லெனோர்?" என்று முணுமுணுக்கிறான், எதிரொலி அதே பெயரைத் திருப்பித் தருகிறது. பறவை வருவதற்கு இரண்டு பத்திகளுக்கு முன்பே, தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்கும் நிலைக்கு அவன் வந்துவிட்டான். இந்தக் குறிப்பைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் படியில் இது தேவைப்படும்.

5. பல்லவி வரியை அட்டவணையாக்குங்கள்

இதுதான் முழு வேலையின் நடுப்பகுதி. இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளை மூன்று நெடுவரிசைகளாகப் பிரித்து, பத்தி எண், ஆறாவது வரியின் கடைசிச் சொற்கள், அதைச் சொல்பவர் யார் என்று நிரப்புங்கள். மூன்றாவது நெடுவரிசையை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அதை விட்டால் அட்டவணையால் பயனே இல்லை.

முதல் ஏழு பத்திகளில் ஆறு, "வேறெதுவும் இல்லை" என்ற பொருள்தரும் 'நத்திங் மோர்' என்பதில் முடிகின்றன. யாரோ விருந்தாளிதான், வேறெதுவும் இல்லை. காற்றுதான், வேறெதுவும் இல்லை. பேசுபவன் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் சொல் இது. 2ஆம் பத்தி மட்டும் 'எவர்மோர்' என்று முடிகிறது: அவள் இங்கே என்றென்றைக்கும் பெயரற்றவள் என்கிறான். அதற்கு முந்தைய வரியில்தான் அவளுடைய பெயரைச் சொல்லியிருக்கிறான். 5ஆம் பத்தியில் மறுபடியும் சொல்லப்போகிறான். பெயரை இனி எடுக்கமாட்டேன் என்ற உறுதி மூன்று பத்திகள்கூடத் தாங்கவில்லை.

8ஆம் பத்தியிலிருந்து இறுதிவரை பதினொரு பத்திகளும் 'நெவர்மோர்' என்று முடிகின்றன. பதினொரு முறையும் பறவைதான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டே பலரும் வாசிக்கிறார்கள். மூன்றாவது நெடுவரிசையை நேர்மையாக நிரப்பினால், பறவை வாய் திறந்து சொல்வது 8, 10, 14, 15, 16, 17 ஆகிய ஆறு பத்திகளில் மட்டுமே என்பது தெரியவரும். மற்ற ஐந்து இடங்களிலும் அந்தச் சொல்லைக் கையாள்பவன் பேசுபவன்தான். 9இல் அதைப் பறவையின் பெயராக எடுத்துக்கொள்கிறான். 11இல் அது யாரோ ஒரு துயரப்பட்ட எசமானனிடம் கற்ற சொல்லாக இருக்கும் என்று விளக்கம் தேடுகிறான். 12இல் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று யோசிக்கிறான்.

13ஆம் பத்தியில் திருப்பம் நிகழ்கிறது. விளக்கொளி விழும் நாற்காலியின் வெல்வெட் மெத்தையைப் பார்த்து, இதில் இனி அவள் சாயப்போவதில்லை என்று அவனே தன் வாயால் 'நெவர்மோர்' என்கிறான். பறவை எதுவும் சொல்லவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவரை பறவையின் சொல்லாக இருந்தது இந்த இடத்தில் அவனுடைய சொல்லாகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, இந்த ஒரு வரியில் நின்று யோசித்தவர்களுக்கு மீதிக் கவிதை தானாகவே திறந்துகொள்கிறது. இதைத் தாண்டி ஓடியவர்கள் கடைசிவரை பறவையையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

6. கேள்விகளையும் விளிகளையும் வரிசைப்படுத்துங்கள்

இப்போது பறவை பேசும் ஆறு இடங்களையும் மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.

8இல் பெயரைக் கேட்கிறான். கேட்கும்போது அவன் முகத்தில் புன்னகை இருக்கிறது. 10இல் கேள்வியே இல்லை. மற்ற நண்பர்களைப் போல, என் நம்பிக்கைகளைப் போல இதுவும் நாளை பறந்துவிடும் என்று முணுமுணுக்கிறான்; பறவை "ஒருபோதும் இல்லை" என்கிறது. அந்த நேரத்தில் அது ஆறுதலாகக்கூட ஒலிக்கிறது. பறவை சொன்ன ஆறு விடைகளில், மெய்யானது என்று கவிதையே கண்முன் காட்டுவதில் மிகத் தெளிவானது இதுதான்: 18ஆம் பத்தியிலும் பறவை அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

14இல் அவன் பறவையிடம் பேசவே இல்லை. "இழிந்தவனே" என்று தன்னையே விளித்து, மறதி மருந்தைக் குடித்து லெனோரை மறந்துவிடு என்று தனக்கே கட்டளையிடுகிறான். பறவை மறுக்கிறது. 15இல் கிலியட்டில் தைலம் உண்டா, அதாவது இந்தக் காயம் ஆறுமா என்று கேட்கிறான். 16இல் மறுமையில் அவளை அணைத்துக்கொள்வேனா என்று கேட்கிறான். 17இல் போய்விடு, என் இதயத்திலிருந்து உன் அலகை எடு என்று கத்துகிறான்.

வரிசையைப் பாருங்கள். பெயர், பிரிவு, மறதி, ஆறுதல், மறுமை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய பணயம். பறவைக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான் என்று 11ஆம் பத்தியிலேயே அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். விடை என்னவாக இருக்கும் என்று தெரிந்துகொண்டே, அந்த விடை அதிகபட்சமாக வலிக்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கிறான். மறுமையில் சந்திப்பேனா என்ற கேள்வியை ஒரே ஒரு மறுப்புச் சொல்லை மட்டும் அறிந்த ஒரு பறவையிடம் ஏன் கேட்க வேண்டும்? இதற்கு உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள். என்னுடைய விடை இது: ஆறுதல் கிடைத்துவிட்டால் துயரம் குறையும்; துயரம் குறைந்தால் அவளோடு மிஞ்சியிருக்கும் கடைசித் தொடர்பும் அறுந்துபோகும் என்று அவன் அஞ்சுகிறான். நீங்கள் வேறு விடைக்கு வரலாம். ஆனால் அந்த விடை 12ஆம் பத்தியில் அவன் செய்யும் ஒரு செயலை விளக்கியாக வேண்டும்: அவன் தானே ஒரு மெத்தை நாற்காலியை உருட்டிக் கொண்டுவந்து பறவைக்கு நேர் எதிரே போட்டு உட்காருகிறான்.

விளிகளையும் இதே தாளில் எழுதுங்கள். 15, 16இல் அந்தப் பறவை "தீர்க்கதரிசி" ஆகிவிடுகிறது. அதன் சொல் மாறவில்லை. அவன் அதற்குக் கொடுக்கும் பதவிதான் உயர்கிறது. 5ஆம் பத்தியின் எதிரொலியைப் பற்றி எழுதி வைத்த குறிப்பை இப்போது எடுத்து அருகில் வையுங்கள்.

7. இறந்தவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததைப் பட்டியலிடுங்கள்

பட்டியல் மிகச் சிறியதாக இருக்கும். லெனோர் அரியவள், ஒளி பொருந்தியவள், வானதூதர்கள் அவளைப் பெயர்சொல்லி அழைக்கிறார்கள். அவ்வளவுதான். கண்ணின் நிறமோ, இறந்த விதமோ, அவள் பேசிய ஒரு சொல்லோ எங்கும் இல்லை. அவளுடைய பெயர் எட்டு முறை வருகிறது. அவள் ஒருமுறைகூட வருவதில்லை.

இந்த வெறுமையைக் கவிதையின் குறையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பேசுபவனின் துயரம் அவளை நினைவுகூரும் வேலையைச் செய்யவில்லை, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. அழகிய பெண்ணின் மரணத்தைக் கவிதைக்கான பொருளாக மட்டும் பயன்படுத்துவதைப் பற்றி இன்றைய வாசகருக்கு எழும் சங்கடமும் நியாயமானதே. அதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, அந்தப் பெண்ணின் இடத்தில் கவிதை எதை வைத்திருக்கிறது என்பதையும் வரி எண்ணோடு காட்டுங்கள்.

8. வினைச்சொல் காலம் மாறும் இடத்தைக் குறியுங்கள்

17 பத்திகள்வரை கதை இறந்தகாலத்தில் நடக்கிறது. 18ஆம் பத்தியில் பறவை இன்னும் உட்கார்ந்திருக்கிறது, இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று நிகழ்காலம் வந்துவிடுகிறது. அந்த டிசம்பர் இரவு முடியவே இல்லை என்பதை இந்த இலக்கண மாற்றம்தான் சொல்கிறது. இறுதி வரியில் தன் ஆன்மா அந்த நிழலிலிருந்து எழப்போவதில்லை என்று அவன் சொல்லும் 'நெவர்மோர்', யாரும் கேட்காமல் அவனே தனக்கு வழங்கிக்கொள்ளும் தீர்ப்பு.

9. இரண்டாவது கவிதையில் அதே படிகளைச் சோதியுங்கள்

ஒரு கவிதையில் கண்டது உண்மையிலேயே அந்தக் கவிதையில் இருக்கிறதா, நாமே ஏற்றிச் சொன்னதா என்பது அடுத்த கவிதையில் அதே கருவிகளைப் பயன்படுத்தும்போதுதான் தெரியும்.

'அன்னபெல் லீ' 41 வரிகள் கொண்ட ஆறு பத்திகள். இங்கே அட்டவணைப்படுத்த வேண்டியது "கடலோர அரசு" என்ற தொடர். முதல் நான்கு பத்திகளிலும் அது வருகிறது. 5ஆம் பத்தியில் கடல் மட்டும் இருக்கிறது; அரசு இல்லை. இறுதிப் பத்தியில் அரசு இருந்த இடத்தில் கல்லறை நிற்கிறது: கடலோரக் கல்லறை, ஓசையிடும் கடலருகே அவளுடைய சமாதி. குழந்தைப் பருவக் காதலின் பரந்த உலகம் ஒரு பெட்டகத்தின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பேசுபவன் இரவெல்லாம் அதற்குள்தான் படுத்துக்கொள்கிறான். காலமும் அங்கே நிகழ்காலத்துக்கு மாறுகிறது. இந்தக் கவிதையை இனிய காதல் பாட்டாக மட்டும் வாசித்துத் திருமண வாழ்த்தாகக்கூட எடுத்துக்காட்டுபவர்கள், கடைசி நான்கு வரிகளில் அவன் எங்கே கிடக்கிறான் என்பதைக் கவனிக்காதவர்கள்.

1847 டிசம்பரில் வெளிவந்த 'யூலலூம்' கவிதையில் விடை சொல்வது பறவை அன்று, பேசுபவனுடைய ஆன்மாவே. சாம்பல் நிற வானத்தின் கீழ், அக்டோபர் இரவில், சைக்கி என்ற பெயருடைய தன் ஆன்மாவோடு அவன் நடந்து போகிறான். அவள் அஞ்சித் தடுக்கிறாள்; அவன் சமாதானம் சொல்லி இழுத்துச் செல்கிறான். ஒரு கல்லறையின் கதவு வழிமறிக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் கேட்க, இழந்த யூலலூமின் பெயரை அவள் சொல்கிறாள். சென்ற ஆண்டு இதே இரவில்தான் அவளை இங்கே சுமந்து வந்தோம் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வருகிறது. கேட்பவனும் விடை சொல்பவளும் ஒரே ஆளின் இரு பகுதிகள் என்பதை இந்தக் கவிதை வெளிப்படையாகவே வைத்திருப்பதால், 'தி ரேவன்' பற்றி 6ஆம் படியில் எட்டிய முடிவை இதோடு உரசிப் பார்க்கலாம்.

'ரிமெம்பரன்ஸ்' இந்த வரிசைக்கு எதிர்நிலை. அதில் பேசும் பெண் அழுகையை அடக்கினாள், கல்லறைக்குள் விரைந்துவிடத் துடித்த தன் இளம் ஆன்மாவைத் திருப்பி நிறுத்தினாள், மகிழ்ச்சியின் துணையில்லாமலே வாழக் கற்றாள். நினைவின் இனிய வேதனையில் ஒருமுறை ஆழமாகக் குடித்துவிட்டால் வெற்று உலகத்துக்கு எப்படித் திரும்புவேன் என்று முடிவில் அவள் அஞ்சுகிறாள். போவின் பேசுபவன் நாற்காலி போட்டு உட்கார்ந்த அதே இடத்தின் வாசலில் அவள் நிற்கிறாள். உள்ளே போகாமல் தன்னைத் தடுத்துக்கொள்கிறாள். கோதிக் கவிதையில் துயரம் என்றால் மூழ்கிப்போவதுதான் என்ற பொதுவான எண்ணத்தைத் திருத்த இதைவிட நல்ல கவிதை எனக்குத் தெரியாது. 32 வரிகளே உள்ளதால் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

10. கவிஞனின் கட்டுரையையும் வாழ்க்கையையும் இப்போது திறக்கலாம்

'தி ஃபிலாசஃபி ஆஃப் காம்போசிஷன்' என்ற கட்டுரையில், 1846 ஏப்ரலில், தான் 'தி ரேவன்' எழுதிய விதத்தைப் போ விளக்கியிருக்கிறார். முதலில் கிளியை நினைத்துப் பிறகு அண்டங்காக்கைக்கு மாறியது, நாம் 16ஆம் பத்தியில் பார்த்த மறுமைக் கேள்வியை முதலில் எழுதியது, விடை தெரிந்தும் கேட்கும் தன்வதை வேட்கை, அலகை இதயத்திலிருந்து எடு என்ற 17ஆம் பத்தி வரிதான் கவிதையின் முதல் உருவகம் என்பது என எல்லாவற்றையும் கணிதத்தைப்போல அடுக்கிச் சொல்கிறார்.

இதைத் தொடக்கத்திலேயே படித்திருந்தால் உங்கள் அட்டவணை அவருடைய விளக்கத்தின் நகலாகியிருக்கும். இப்போது படிக்கும்போது, அவர் சொல்வது எங்கே உங்கள் குறிப்போடு பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று பார்க்கலாம். கவிதை வெளிவந்து ஓராண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட கட்டுரை என்பதால் அதை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். 13ஆம் பத்தியில் அந்தச் சொல் கைமாறும் இடத்தை நீங்கள் கண்டது உங்கள் சொந்த உழைப்பு. கவிஞர் அதைப் பற்றி என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது பக்கத்தில் இருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பில் தேதிகளை மட்டும் முதலில் சரிபாருங்கள். 'யூலலூம்' வர்ஜினியா இறந்த அதே ஆண்டின் இறுதியில் வந்தது. 'அன்னபெல் லீ', போ 1849 அக்டோபர் 7 அன்று இறந்த இரண்டு நாட்களில் நியூயார்க் 'டிரிபியூன்' இதழில் வெளிவந்தது. இந்த இரண்டிலும் வாழ்க்கையின் நிழலைத் தேடலாம். 'தி ரேவன்' பற்றி அப்படிச் சொல்ல முடியாததை 3ஆம் படியில் பார்த்தோம்.

11. குறிப்புகளைக் கட்டுரையாக்கும்போது

பறவை எதைக் குறிக்கிறது என்ற கேள்வியோடு கட்டுரையைத் தொடங்காதீர்கள். 13ஆம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பின்னால் சென்று 5ஆம் பத்தியின் எதிரொலியையும், முன்னால் சென்று 16ஆம் பத்தியின் கேள்வியையும் இணையுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் பத்தி எண் கொடுங்கள். "சோகமான சூழல்", "மர்மமான உணர்வு" போன்ற தொடர்களை எழுதிவிட்டால், அந்த உணர்வை உண்டாக்கும் பொருளோ ஒலியோ எது என்று அதே வாக்கியத்தில் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் அடித்துவிடுங்கள்.

எழுதி முடித்த பிறகு மூலக் கவிதையை மறுபடி ஒருமுறை உரக்க வாசியுங்கள். கட்டுரையில் நீங்கள் உறுதியாகச் சொன்ன ஏதாவது ஒன்றை வாய் சொல்லத் தயங்கினால், அந்த வாக்கியத்தின் அருகே குறியிட்டு, அதற்குரிய பத்தியையும் அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசையையும் மீண்டும் சரிபாருங்கள்.